நெஞ்சில் கோத்த பால்

ராஜாமணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது 1979ஆம் வருஷம் ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள் பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேலியோரமாக உட்கார்ந்துவிட்டாள். இருபத்து நாலு வயசு. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நிற்காமல் நடக்கிறவள். அன்றைக்கு ஒரே குடத்தோடு அவளால் வீடு வந்து சேர முடியவில்லை.

வியாழக்கிழமை வந்தபோது படுக்கவே முடியவில்லை. படுத்தால் யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினாள். ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட இரண்டு தடவை நிறுத்தி மூச்சை இழுத்துவிட்டுத்தான் கொடுத்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அதுதான் அவள் புருஷன் தணிகாசலத்துக்குப் புரியவில்லை.

தணிகாசலம் கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிறவன். சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பைக்குச் சைக்கிள், அங்கிருந்து தாம்பரத்துக்கு பஸ், பிறகு மின்சார ரயில் என்று தினமும் போய் வருவான். குடிக்கமாட்டான். பெண்டாட்டி மேல் கைநீட்டுகிறவன் இல்லை என்று ஊரில் பேர். அவனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு அவளைப் படப்பை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அந்த டாக்டர் அவள் முதுகில் இடது கை விரலை வைத்து, வலது கை விரலால் அதன் மேல் தட்டித் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் தட்டியபோது காலிப் பானையைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. வலது பக்கம் கருங்கல்லைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தணிகாசலத்தின் காதுக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது.

"நெஞ்சுல தண்ணி கோத்திருக்குப்பா. நுரையீரலுக்கு வெளிய, அதைச் சுத்தி இருக்கிற சவ்வுக்குள்ள. நுரையீரல் விரியறதுக்கு எடம் இல்ல, அதான் மூச்சு முட்டுது."

"தண்ணி எப்படி சார் உள்ள போவும்?"

"வெளியில இருந்து போறதில்ல. உடம்பே ஊற வைக்கிறது. இருதயக் கோளாறுன்னா வரும், சளிக் காய்ச்சல் முத்தினா வரும், கட்டி இருந்தா வரும். இந்த வயசுல, நம்ம ஊர்ல, முக்காவாசி டி.பி.தான்." சீட்டை எழுதிக்கொண்டே சொன்னார். "பயப்படாதே, இப்பல்லாம் ஊசி மாத்திரை இருக்கு. தாம்பரத்துக்குக் கூட்டிகிட்டுப் போ. இன்னிக்கே போ."

டி.பி. என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் தணிகாசலத்தின் காதில் ஏறவில்லை. அவனுடைய சித்தப்பா ஒருவர் அந்த வியாதியில்தான் போனார். மாட்டுக் கொட்டகையில் தனிக் கட்டில், தனித் தட்டு. கடைசியில் அவர் உடம்பைத் தூக்கக்கூட ஆள் வரவில்லை.

தெருவுக்கு வந்ததும் ராஜாமணியின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். அவளுக்குச் சுமையாக இருக்குமே என்று வாங்கிய மாதிரிதான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் குழந்தை பாலுக்கு அழுதபோது அவன் கொடுக்கவில்லை. ராஜாமணி நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவளே மடக்கிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளிடம் விட்டு, மாட்டுப் பால் காய்ச்சிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இருவரும் தாம்பரம் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் தாவீது அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது பக்கம் கறுப்பாக, விலா எலும்புகள் வரி வரியாகத் தெரிந்தன. வலது பக்கத்தில் கீழிருந்து முக்கால்வாசி வரை ஒரே வெள்ளை. எலும்பு எது, நுரையீரல் எது என்று ஒன்றும் தெரியவில்லை.

"இவ்வளவும் தண்ணி. ஊசி போட்டு எடுத்துடலாம். எடுத்துச் சோதிச்சாத்தான் எதனால வந்துதுன்னு தெரியும்," என்றார்.

ராஜாமணியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, எதிரே கட்டில்மேல் தலையணை போட்டு, அதன்மேல் கைகளை மடக்கிக் கவிழச் சொன்னார்கள். ஞானம்மா என்ற நர்ஸ் அவள் முதுகை மஞ்சள் மருந்தால் துடைத்தாள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு பெரிய ஊசி. தணிகாசலம் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தான்.

"வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி வரும், பயந்துடாதம்மா," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சிரிஞ்சை இழுத்தார்.

வந்தது பால்.

வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் கறந்த மாதிரி, சிரிஞ்சு நிறையப் பால். ஞானம்மாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. டாக்டர் சிரிஞ்சை வெளிச்சத்துக்கு நேரே திருப்பினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "சீழ் இல்ல," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "நாத்தம் இல்ல. காய்ச்சலும் இல்ல. சீழ் இல்ல இது."

மறுபடி இழுத்தார். மறுபடி பால். கண்ணாடி ஜாடி கால்வாசி நிறைந்தது, அரை நிறைந்தது. தணிகாசலம் தட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். ராஜாமணிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியவில்லை. "இப்ப மூச்சு நல்லா வருது சார்," என்று தலையணைக்குள்ளிருந்து சொன்னாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை அவனால் தாங்கமுடியவில்லை.

ஒன்றரை லிட்டர் எடுத்தபிறகு நிறுத்தினார்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் எடுத்தால் நுரையீரல் தாங்காதாம்.

சேதி வார்டு முழுக்கப் பரவிவிட்டது. தரை துடைக்கிற ராஜம்மா ஓடிவந்து ஜாடியைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புள்ளைக்குக் குடுக்காத பாலு உள்ள பூந்துகிச்சி!" என்றாள். பஸ்ஸில் குழந்தையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தது தணிகாசலத்துக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் தாவீது அந்தப் பாலில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, ஈதர் கலந்து குலுக்கினார். வெள்ளை கரைந்து தெளிந்துபோயிற்று. பிறகு கட்டிலுக்கு வந்தார்.

"இது தாய்ப்பால் இல்லம்மா. அந்தப் பயமே வேணாம். நாம சாப்பிடற எண்ணெய், நெய் எல்லாம் குடல்ல இருந்து இப்படி வெள்ளையா மாறி, முதுகெலும்பு ஓரமா ஒரு மெல்லிசான குழாய் வழியா மேல ஏறி, கழுத்துகிட்ட ரத்தத்துல கலக்கும். எல்லார் உடம்புலயும் அது ஓடுது. உனக்கு அந்தக் குழாய் எங்கயோ கிழிஞ்சிருக்கு. ரத்தத்துக்குப் போக வேண்டியது நெஞ்சுக்குள்ள கொட்டுது."

"டி.பி. இல்லியா சார்?" என்று கேட்டான் தணிகாசலம்.

"இருக்கலாம். நெறிகட்டி அழுத்தினாலும் இப்படி ஆகும். கேன்சர் கட்டியா இருந்தாலும் ஆகும். யானைக்கால் புழுவாலயும் ஆகும். ஒவ்வொண்ணா பாக்கணும்." பிறகு ராஜாமணியைப் பார்த்து, "எங்கயாவது மேலருந்து விழுந்தியாம்மா? முதுகுல பலமா அடி ஏதாவது?" என்றார்.

ராஜாமணி தரையைப் பார்த்தாள். "நான் விழல சார்."

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் இன்னொரு எக்ஸ்ரேயோடு வந்தார். தணிகாசலத்தை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். வலது பக்கத்து வெள்ளை இப்போது கீழே வடிந்திருந்தது. நேற்று மறைந்திருந்த எலும்புகள் தெரிந்தன. கீழ்ப்பக்கம், முதுகெலும்பை ஒட்டி, ஒரு விலா எலும்பின் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு.

"இது வெடிப்பு. புதுசு. பன்னண்டு பதிமூணு நாள் இருக்கும். இவ்வளவு தண்ணிக்குப் பின்னால இருந்ததால நேத்து தெரியல. இந்த எடத்துல அடிபட்டு, உடம்பு பின்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சா அந்தக் குழாய் கிழியும். சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுத்தான் மூச்சு முட்டும்."

தணிகாசலம் அந்தக் கோட்டைப் பார்த்தான். பதிமூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுவரைக்கும் அவன் ஞாபகத்திலேயே இல்லை. மறைத்தான் என்று சொல்லமுடியாது. ஒரு தடவைகூட நினைக்கவில்லை, அவ்வளவுதான். இருங்காட்டுக்கோட்டையில் ராஜாமணியின் அக்கா செல்லம்மாள் வீட்டில் மஞ்சள் நீராட்டு. அன்றைக்கு ஓவர்டைம் இருக்கிறது, போகமுடியாது என்றான் அவன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்று, "உங்க தங்கச்சி வூட்டு விசேசம்னா மட்டும் சூப்பர்வைசர் லீவு குடுக்குறாரு," என்றாள். இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அடிக்கவில்லை. தள்ளினான். பின்னால் துவைக்கிற கல் இருந்தது. அதன் விளிம்பில் அவள் முதுகு மோதி, தலையும் கையும் அந்தப் பக்கம் தொங்கின. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் உள்ளே போய்ச் சாப்பிட்டான். குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொன்னான். அவள் வந்து உப்பு போட்டாள்.

"நான்தான் சார்," என்றான்.

"என்ன?"

"நான்தான் தள்ளுனேன். கல்லு மேல விழுந்தா."

பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்தாள். ஞானம்மா எழுதிக்கொண்டிருந்த அட்டையிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவன் அதுவரை வாங்கியதில்லை. ராஜாமணி மட்டும் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் திட்டவில்லை. எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். "இத நேத்தே சொல்லியிருந்தா, நேத்துலருந்து கேன்சரா கேன்சரான்னு நான் மண்டைய உடைச்சிகிட்டு இருக்கமாட்டேன்," என்றார். "சரி. அடிதான் காரணம்னா, டி.பி. மருந்து இப்ப வேணாம். குழாய் வச்சு வடிய விடுவோம். எண்ணெய், நெய், பால், தேங்காய் எதுவும் கூடாது. கொழுப்பு உள்ள போகலேன்னா அந்த ஓட்டம் கொறையும், கிழிஞ்சது தானா மூடிக்க வாய்ப்பு இருக்கு. ரெண்டு மூணு வாரம் பாப்போம். மூடலேன்னா பட்டணத்துக்கு அனுப்பி, நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டணும்."

"மூடிக்குமா சார்?"

"பாதிப் பேருக்கு மூடிக்குது," என்றார் டாக்டர். சொல்லிவிட்டு ராஜாமணியிடம் போய், "குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்மா. கொண்டுவரச் சொல்லு," என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

டாக்டர் போனபிறகு தணிகாசலம் கட்டில் பக்கத்தில் நின்றான். "ஏன் நேத்து விழலன்னு சொன்ன?" என்றான்.

"விழலதான். தள்ளுனா அதுக்குப் பேரு விழறதா?" கலியாணம் ஆன நாளிலிருந்து அவனை நீங்க என்றே கூப்பிட்டவள். "நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன். உனுக்கு ஞாபகமே இல்லன்னு அப்பால தெரிஞ்சிது."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். அவன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஞாபகமே இல்லை. எலும்பு உடைந்தவள் பன்னிரண்டு நாளாகச் சோறாக்கிப் போட்டிருக்கிறாள், தண்ணீர் சுமந்திருக்கிறாள், அவனுக்கு ஞாபகமே இல்லை.

அன்று மத்தியானம் பாப்பம்மாளிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனான். செல்லம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும், "இன்னா தம்பி? இன்னா ஆச்சி?" என்று எழுந்தாள். நின்றபடியே ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னான். எக்ஸ்ரே, பால், எலும்பு என்று அவன் சொல்லச் சொல்ல அவள் வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"யாரு அடிச்சாங்க? இன்னாத்துல அடிபட்டுச்சி?"

"நான்தான்க்கா தள்ளிட்டேன்."

செல்லம்மாள் குழந்தையை அவன் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே போய் இரண்டு புடவையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். "வண்டி எத்தினி மணிக்கு?" என்றாள். பஸ்ஸில் அவன் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கடைசி வரை நின்றுகொண்டே வந்தாள்.

அதன்பிறகு பத்தொன்பது நாள். ராஜாமணியின் விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலுக்குக் கீழே பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் போயிற்று. அவள் மூச்சு விடும்போதெல்லாம் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. வெள்ளையாக வடிந்துகொண்டே இருந்தது. காலையில் ஞானம்மா அளவு பார்ப்பாள். முதல் நாள் தொள்ளாயிரம் மில்லி. மறுநாளும் தொள்ளாயிரம். நாலாம் நாள் ஆயிரத்துக்கு மேலே போயிற்று.

"அவ துன்றதெல்லாம் பாட்டில்ல போவுது," என்றாள் செல்லம்மாள். அது உண்மைதான் என்றாள் ஞானம்மா. அவள் சத்து எல்லாம்தான் அந்தப் பாட்டிலில் இறங்குகிறதாம். கஞ்சி, சர்க்கரைத் தண்ணீர், பருப்பு வடித்த நீர், முட்டையின் வெள்ளைக்கரு, சாத்துக்குடி. நாள் பூராவும் ஊட்டினார்கள். இருந்தும் ராஜாமணியின் கன்னம் ஒட்டிப்போயிற்று. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும்போது கை நடுங்கியது.

தணிகாசலம் இருந்த லீவை எல்லாம் போட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடந்தான். கஞ்சி காய்ச்சி வாங்கிவருவது, பழம் பிழிவது, துணி அலசுவது என்று சொன்னதைச் செய்தான். செல்லம்மாள் வாய்திறந்து பேசாமல் பாத்திரத்தை நீட்டுவாள், வாங்கிக்கொள்வான்.

ஒருநாள் மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனான். வீட்டு வாசலில் மஞ்சளும் வேப்பிலையும் வைத்திருந்தார்கள். பாப்பம்மாள் எதிரே வந்து கும்பிட்டாள். "தணிகாசலம், உன் பொண்சாதி நெஞ்சுல பாலு சொரந்துச்சாமே! ஆடி மாசம்டா. அம்மன் எறங்கிக்கீறா. ஊருல கூடிப் பொங்க வைக்கலான்னு பேசிகினு கீறாங்க."

எதிர் வீட்டு மாரியும் இன்னும் நாலைந்து பேரும் வந்து கூடிவிட்டார்கள். அவர்கள் முகமெல்லாம் ஆச்சரியத்தில் விரிந்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த ஊரில் அவன் பெரிய மனுஷன். ஒரு விநாடி அந்த எண்ணம் வந்தது. அது வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றான். "நான் அவளைப் புடிச்சித் தள்ளுனேன். கல்லுல மோதி எலும்பு வுட்டுப்போச்சி. உள்ள கொழாய் கிழிஞ்சி அந்த வெள்ளைத் தண்ணி கோத்துகிச்சி."

மாரி சிரித்தான். "இன்னாடா சொல்ற? நீயா?" தணிகாசலம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு நின்றது. பாப்பம்மாள் கும்பிட்ட கையைப் பிரித்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் வடிந்தது அறுநூறு. பதினாலாம் நாள் இருநூற்றைம்பது. வெள்ளை வெளுத்து, அரிசி கழுவிய தண்ணீராகி, பிறகு மஞ்சளாயிற்று. பதினேழாம் நாள் ஒரு டம்ளர்கூட இல்லை. ஆனால் டாக்டர் தாவீது அதற்குச் சந்தோஷப்படவில்லை.

"கொழுப்பே குடுக்காததால நின்னிருக்கலாம். மூடிடுச்சான்னு தெரியணும்," என்றார். "இன்னிக்கு நெய் போட்டுச் சோறு குடுங்க. நெறைய நெய். கிழிசல் இருந்தா ஏழெட்டு மணி நேரத்துல பாட்டில்ல பால் வந்துடும். வந்தா பட்டணம்தான்."

காலை எட்டு மணிக்கு ராஜாமணி நெய்ச் சோறு சாப்பிட்டாள். இரண்டு வாரமாக நெய்யின் வாசனைகூடப் படாதவள், கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டாள். பிறகு எல்லோரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண், ராஜம்மா, எல்லோரும் வந்து வந்து பார்த்தார்கள். பத்து மணிக்கு மஞ்சள். பன்னிரண்டு மணிக்கு மஞ்சள். இரண்டு மணிக்குக் குழாயின் மேல்பக்கத்தில் ஏதோ வெளிறின மாதிரி தெரிந்தது. செல்லம்மாள் "ஐயோ" என்று எழுந்துவிட்டாள். ஞானம்மா ஓடிவந்து குழாயை விரலால் நீவிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதுதான், வேறொன்றுமில்லை. நாலு மணிக்கும் மஞ்சள்தான். சாயங்காலம் டாக்டர் வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தார். எழுந்தபோது முதல் தடவையாகச் சிரித்தார்.

"மூடிடுச்சும்மா," என்றார்.

தணிகாசலம் வராந்தாவில் நின்று கேட்டான். உள்ளே போகவேண்டும் போல இருந்தது. போகவில்லை. அந்தச் சந்தோஷத்துக்குள் நுழைய அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்து, எக்ஸ்ரே பார்த்து, ஒரு மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் படப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. தணிகாசலம் பையைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்த்தபோது ராஜாமணி குழந்தையைத் தூக்கிய அக்காவோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள்.

"நான் அக்கா வூட்டுக்குப் போறேன்," என்றாள்.

"எப்ப வருவ?"

"தெரியல." மூச்சு வாங்காமல், நிதானமாகச் சொன்னாள். "அந்த வூட்டுல தண்ணி தூக்கறப்ப, துணி தொவைக்கிறப்ப, பின்னால நீ கீறியான்னு திரும்பித் திரும்பிப் பாக்கணும். என்னால இப்ப முடியாது."

அவன் பையைச் செல்லம்மாள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனான். முதல் இரண்டு வாரம் செல்லம்மாள் குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூன்றாம் வாரம் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். ராஜாமணிக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. குழந்தை பற்றியும் மழை பற்றியும் பேசினாள். வீட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் வந்து, "இங்க ரோட்டாண்ட ஒரு ரூம் பாத்துக்கீறேன்," என்றான். "பூந்தமல்லி போய் அங்கருந்து கிண்டிக்கு பஸ் கீது. ஷிப்டுக்குச் சரியா இருக்கும்."

"யாருக்கு ரூமு?"

"எனுக்கு. சேரப்பணஞ்சேரி வூட்டைப் பூட்டிட்டேன்."

பெண்டாட்டியின் அக்கா ஊரில் போய் உட்கார்ந்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் காறித் துப்புவார்கள் என்று இருவருக்குமே தெரியும். ராஜாமணி அவனை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் வர்றன்னு சொல்லல," என்றாள்.

"நீ வருவன்னு நான் ரூமு பாக்கல."

மார்கழி வரைக்கும் அவள் போகவில்லை. அவன் தானே பொங்கிச் சாப்பிட்டு, ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். தை பிறந்து நாலாம் நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செல்லம்மாளிடம் சொல்லிக்கொண்டு, அந்த அறைக்கு நடந்து போனாள். அவன் அப்போது அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனவனை இருக்கச் சொல்லிவிட்டு, கதவோரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கதவைத் திறந்தபடியே விட்டு வைத்தாள்.